ஆரஞ்சு வில்லைத் தோரணம்

ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுத் தோரணத்தை நான் என் கையாலேயே செய்தேன் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் அடுத்ததாக, "யாருக்கும் அடிபடலையே?" என்றுதான் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ரயில்வே ஆபீஸில் பென்சில் சீவப் போய் விரலைச் சீவிக்கொண்டவன் நான். ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியைத் தவிர அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அடிப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு தோரணம் செய்தேன். ஜப்பான்காரன் இந்த மண்ணுக்கு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில்.

என் மனைவிக்கு அப்போது மசக்கை. மசக்கை எல்லாருக்கும் வருவதுதான், இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு வந்தது வேறு தினுசு. சோறு வேகும் வாசனை ஆகாது. வெங்காயம் ஆகாது. எண்ணெய் காய்ந்தால் ஓடுவாள். நான் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்கூட ஆகாமல், வறட்டுத் தலையோடு ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்தால்கூடச் சில நேரம் திரும்பி வந்துவிடும். முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

இது முதல் பிள்ளை இல்லை. முந்தின வருஷம் ஒன்று வந்து, பாதி வழியில் போய்விட்டது. வயிற்றில் பிள்ளையோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனவள், தன் துணி மூட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால்கூட அவள் சுற்றிக்கொண்டு போவாள்.

ஆகவே இந்த முறை யாழ்ப்பாணத்து நர்ஸம்மா ஒருவர் வாராவாரம் வீட்டுக்கே வந்து பார்த்தார். கையில் குடை, கறுப்புப் பை, முகத்தில் சிரிப்பு என்கிற வஸ்து கிடையாது. டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் வந்தவர், என் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நேற்று என்ன சாப்பிட்டனீர்?"

"கஞ்சி."

"எவ்வளவு நேரம் வயித்துக்குள்ள நிண்டது?"

என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நடுவில் புகுந்து, "கஞ்சி உள்ளே போய் எட்டிப் பார்த்துட்டு, வீடு பிடிக்கலைன்னு கிளம்பிடுதும்மா" என்றேன்.

"பகிடி விடாதேயும்" என்றார் நர்ஸம்மா. வாசலுக்கு வந்ததும் குரலைத் தணித்தார். "தம்பி, இப்பிடியே போனாச் சரிவராது. பிள்ளைக்குச் சத்துப் போகேல்ல. நத்தார் முடிஞ்ச கையோட திரும்ப வருவன். அதுக்குள்ள கஞ்சியாவது உள்ளுக்குத் தங்கோணும். இல்லாட்டி ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் பாக்கோணும். வேற வழியில்ல."

குரலைத் தணித்து என்ன பிரயோசனம்? குவார்ட்டர்ஸ் சுவர் பலகைச் சுவர். உள்ளே போனபோது அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நா அங்க வரமாட்டேன். வண்டி கொண்டாந்தா நீங்க மட்டும் ஏறிப் போங்க."

அந்த நாட்களில் ஆபீஸில் நான் வாயைத் திறந்தால் நாலு மேசை சிரிக்கும். வீட்டில் என் நகைச்சுவைக்கும் கஞ்சிக்கும் ஒரே கதிதான். எதுவும் தங்கவில்லை.

நர்ஸம்மா நத்தார் என்று சொன்ன கிறிஸ்துமஸ் வேறு வந்துகொண்டிருந்தது. அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அந்தப் பக்கத்தில் டிசம்பர் பிறந்தால் வீடு வீடாகக் கலர்க் காகிதத்தை வெட்டிச் சங்கிலி கட்டுவார்களாம். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே எங்கள் சின்ன வீட்டுக்குள் நடக்க முடியாதபடி காகிதச் சங்கிலி கட்டினாள், என் தலை முட்டி முட்டி அதை நான் அறுத்தேன். இந்த வருஷம் அவள் எழுந்திருக்க முடியாததால் நானே செய்வது என்று காகிதம் வாங்கி வந்து, மைதா மாவில் பசை காய்ச்சினேன். பசை கொதித்ததுதான் தாமதம், கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். காகிதச் சாயத்தின் வாசனையும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் சுருட்டி எறிந்தேன்.

"ஒண்ணும் வேண்டாங்க இந்த வருசம்" என்றாள். "கோயிலுக்கும் நா வரல. நீங்க போயிட்டு வாங்க."

அவள் அதைச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் கோவிலில் கிழக்குப் பக்கம் கலர்க் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. காலை ஆராதனை முடிகிற நேரத்துக்கு வெயில் அதன் வழியாக இறங்கி பெஞ்சுகளில் விழும். சிவப்பு விழும் இடம் எது என்று அவளுக்குத் தெரியும். சீக்கிரமே போய் அங்கே உட்கார்ந்து, பிரசங்கம் முடியும்போது மடியில் விழும் சிவப்பைக் கையால் மூடி மூடித் திறந்து பார்ப்பாள். பிரசங்கம் பண்ணுகிற ஐயர் பார்த்துவிடுவார் என்று நான் முழங்கையால் இடிப்பேன். அந்த ஜன்னலே வேண்டாம் என்கிறாள் என்றால், அவள் உள்ளுக்குள் எவ்வளவு தூரம் போய்விட்டாள்!

அவளுக்கு ஆகிவந்த வாசனை ஒன்றே ஒன்று. ஒருநாள் ஆபீஸிலிருந்து ஆரஞ்சு ஒன்று கொண்டுவந்து உரித்தேன். சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது.

"அந்தத் தோலக் குடுங்க."

சுளையை நீட்டினேன். தின்று பார்த்தாள், இனிப்பு ஆகவில்லை, அது போன வேகத்தில் வந்துவிட்டது. ஆனால் தோலை மட்டும் நாள் முழுக்க மூக்கோரம் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காய்ந்த பிறகும் கீழே வைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் காரியமாக ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு துரையின் பங்களாவுக்குப் போனேன். வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். எதிரே இருந்த ஜன்னலில் வட்ட வட்டமாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் அதற்குள் புகுந்து, உள்ளே இருந்த வரிகளெல்லாம் சக்கரத்துக் கம்பி மாதிரித் தெரிந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆரஞ்சு. நல்ல ஆரஞ்சை வில்லை வில்லையாக அறுத்து, காய வைத்து, நூலில் கோர்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட மூக்கு இடிக்கிற அளவுக்கு நான் நின்றுகொண்டிருந்தபோது துரைசாணி வந்துவிட்டார். திருடன் மாதிரி விழித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சொல்வது மாதிரி விரலால் காட்டிக் காட்டி, அறுக்கணும், காய வைக்கணும், கோர்க்கணும் என்று மூன்று சொல்லில் சொல்லிக் கொடுத்தார்.

மூன்று சொல். ரயில்வேயில் ஒரு டிக்கெட் கிழிக்கக்கூட அதைவிட அதிகம் சொல்வார்கள். பசை இல்லை, சாயம் இல்லை, ஆரஞ்சு வாசனை மட்டும்தான். அவள் கோவில் ஜன்னலுக்கு வராவிட்டால் ஜன்னலை அவளிடம் கொண்டு போகலாமே! பங்களாவிலிருந்து திரும்பி வந்தபோது நான் நடக்கவில்லை, மிதந்தேன். காகிதக் கட்டைத் துரையிடம் கொடுக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்பது ஆபீஸுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் எஞ்சின் பயர்மேன். கரி அள்ளிப் போடுகிற வேலை. கிள்ளான் லைனில் ஓடுவார். கிள்ளான் பாசாரில் கப்பலில் வந்த ஆரஞ்சு நல்லதாகக் கிடைக்கும் என்பதால், அவரிடம் வேலியோரம் நின்று வாங்கி வரச் சொன்னேன். ஒரு சாக்குப் பையில் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்னா தம்பி, கட போடப் போறியா?"

"இல்லண்ணே, ஒரு காரியத்துக்கு."

"தங்கச்சிக்கு இனிப்பு ஆவாதுன்னு எங்கூட்டுல சொன்னாளே."

"திங்க இல்லண்ணே." அதற்கு மேல் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும், திடீரென்று காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

அறுத்தேன். ஒரு பக்கம் செருப்புத் தோல் கனம், மறுபக்கம் கத்தியே தெரியும் மெல்லிசு. ஒரு வில்லையில் கொஞ்சம் என் விரலும் இருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைக் கொல்லையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். துரைசாணி வீட்டில் அடுப்புப் பெட்டி இருக்கும், எனக்கு வானம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோலாலம்பூர் வானத்தை டிசம்பரில் நம்புகிறவன் நான் ஒருவன்தான். காலையில் பல்லைக் காட்டும், மத்தியானம் ஆனால் கொட்டும். இரண்டு மழைக்குள் என் ஆரஞ்சுகள் பச்சை வெல்வெட் சட்டை போட்டுக்கொண்டன. சட்டை போடாதவற்றை எறும்பு எடுத்துக்கொண்டது.

மறுபடி சாக்குப் பை. மறுபடி அறுத்தேன். இந்தத் தடவை எனக்கு ஒரு பெரிய யோசனை. இந்த ஊரில் மழை படாமல், எப்போதும் சூடாக இருக்கிற ஒரே இடம் எது?

"அண்ணே, எஞ்சின்ல பாய்லர் பக்கம் ஒரு கம்பி இருக்குமில்ல?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷன். வில்லைகளைக் கம்பியில் கோர்த்து எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வேலியோரம் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"தம்பி, ஒன் பழம் கிள்ளான் பாத்துட்டு வந்துருச்சு."

பிரித்துப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. தட்டினால் சத்தம் வந்தது.

"போவும்போது ஆரஞ்சு" என்றார் அண்ணன். "வரும்போது எஞ்சினுல ஒரு சாமானு. எங்க டிரைவரு பாத்துட்டு, இது எங்கருந்து கழண்டு வுழுந்துச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தாரு."

கரி வாசனை. அதை வீட்டுக்குள் கொண்டுபோனால் அவள் அன்று ஓடுவதை நிறுத்தவே மாட்டாள். அங்கேயே புதைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அவளுக்குக் கஞ்சி இன்னும் தங்கவில்லை. நான் ஒரு டம்ளர் கொடுப்பேன், அவள் என் மனசு நோகக் கூடாதே என்று குடிப்பாள், பிறகு இருவருமாகக் கொல்லைப்புறம் போவோம். நர்ஸம்மாவின் குடை எனக்குக் கனவில் வந்தது.

கடைசியில் பயர்மேன் அண்ணனின் சம்சாரத்திடம் போனேன். அந்த அக்காவுக்குக் கைக்காரியம் எல்லாம் வரும். அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டு கட்டி வைத்திருந்தார். மிளகாய், கருவாடு எல்லாம் மழைக்காலத்தில் அங்கேதான் காயும். மூன்றாவது முறை அறுத்த வில்லைகளை முறத்தில் பரப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

"எங்கூட்டுக்காரரு பழத்துக்கெல்லாம் டிக்கெட்டு இல்லாம ரயிலு காட்டுறாருன்னு கேள்விப்பட்டேன்" என்றார் அக்கா. "ஏன் தம்பி இவ்ளோ சூசா, இவ்ளோ தொல்ல? எங்கிட்ட மொதல்லயே கொண்டாந்திருக்கலாமில்ல?"

"இத நல்லாக் காய வச்சுத் தாங்கக்கா. கருவாட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்."

அக்கா முறத்தைப் பார்த்தார். கோணல்மாணலாக அறுத்த வில்லைகளைப் பார்த்தார். என் விரலில் இருந்த கட்டைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி இளகிவிட்டது.

"தங்கச்சிக்கா?"

"ஆமாக்கா. அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நா ஏன் சொல்லப் போறேன். ஆம்பள கையால செஞ்சு குடுக்கணும்னு நெனக்கிறீங்களே, அதுவே பெருசு. நீங்க போங்க, நா பாத்துக்குறேன்."

இருவரும் ஒருவரையொருவர் முழுக்கப் புரிந்துகொண்டோம் என்று நம்பித்தான் பிரிந்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், அரை நாள் லீவு. அக்கா ஒரு வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தார். பிரித்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்வரி அத்தனையும் தெரிந்தது. துரைசாணி வீட்டு வில்லைகளைவிட நிறம் தூக்கலாக, பொன்னிறமாக இருந்தது. மேலே பொடிப் பொடியாக வெள்ளையாய் ஏதோ மின்னியது.

"இதென்னக்கா, மேல வெள்ளையா?"

"உப்பு."

"உப்பா?"

"பின்ன சக்கரயா? பழத்த அறுத்து உப்புப் போடாம காய வைப்பாங்களா? புழு வச்சிராது? இங்க நார்த்தங்காய் எங்க கெடைக்குது, ஆரஞ்சும் அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சிதானே. ரெண்டு நாள் உப்புல ஊற வச்சு, கசப்பு தெரியாம கொஞ்சம் மஞ்சப் போட்டு, வெயில்லயும் அடுப்பு மேலயும் மாத்தி மாத்தி வச்சேன். மசக்கக்காரி வாய்க்கு நல்லா இருக்கும்."

நான் பிரித்த துணியோடு நின்றேன். "அக்கா, இது திங்க இல்லக்கா. தொங்கவுட."

"என்னாது?"

"சன்னல்ல. தோரணம் மாதிரி. துரை வீட்ல இப்பிடித்தான் தொங்கவுட்டிருக்காங்க."

அக்கா இடுப்பில் கை வைத்தார். "துரை வூட்ல தொங்கவுடுவாங்க தம்பி. அவங்க வவுறு ரொம்பிக் கெடக்கு. நாம எங்கியாச்சும் திங்கிற பண்டத்தத் தொங்கவுட்டு வேடிக்க பாப்போமா?"

"நீங்க மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழ மால போடுறதில்லையா?"

"அது சாமி கேக்குது, போடுறோம். ஒங்க சாமி ஆரஞ்சு கேட்டுச்சா?"

கேட்டுவிட்டுத் தானே சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பெரிய கோணி ஊசியும் நூலும் எடுத்து வந்தார். "குடுங்க இப்பிடி. நீங்க கோத்தா வெரலையும் சேத்துக் கோப்பீங்க."

உப்பைத் தட்டிவிடலாமா என்று கேட்டார். நான் யோசித்தேன். துரைமார் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் வாழ்த்து அட்டைகளில் மரம், வீடு, கோவில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பனி கிடக்கும். "இருக்கட்டும்க்கா" என்றேன். "பனி பெஞ்ச மாதிரி இருக்கு."

"பைத்தியம்தான்லா" என்றார் அக்கா, என்னிடம் இல்லை, ஊசியிடம்.

கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் ஆணி அடித்தேன். மூன்றாவது அடியில் ஆணி உள்ளே போனது, விரலில் பட்டு என் சத்தம் வெளியே வந்தது. அவள் சுவர்ப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு வரிசைக்குக் கீழ் ஒரு வரிசையாகத் தோரணத்தைத் தொங்கவிட்டுவிட்டு, வித்தை காட்டுகிறவன் மாதிரி விலகி நின்றேன்.

அன்று ஏனோ வானம் என் பக்கம் இருந்தது. சாய்ந்த வெயில் வில்லைகளுக்குள் புகுந்து, அவள் போர்வையின் மேல் வட்ட வட்டமாக மஞ்சள் விழுந்தது.  அவள் கையை மெல்ல நகர்த்தி ஒரு மஞ்சள் வட்டத்துக்குள் வைத்தாள்.

"கோயில் சன்னல் மாதிரி இருக்குங்க."

நான் ஒரு பகடி தயாராக வைத்திருந்தேன். அது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"சிவப்புத்தான் இல்ல" என்றேன்.

"பரவால்ல."

சந்தோஷம் ஒரு மணி நேரம் நீடித்திருக்கும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உப்பும் ஈரக் காற்றும் சேர்ந்தால் என்னவாகும் என்று ஊறுகாய் ஜாடி வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரிக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. முதலில் வில்லைகள் பளபளத்தன. அழகு கூடுகிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேர்த்தன. அப்புறம் ஒவ்வொன்றின் கீழ் விளிம்பிலும் ஒரு சொட்டுத் திரண்டு, தயங்கி, விழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் பனி உருகியதைப் பார்த்த முதல் மனிதன் நான்தான்.

கீழே பழைய செய்தித்தாளைப் பரப்பினேன். அதைத் தாண்டிப் போர்வையில் சொட்டியது. அவள் கையில் சொட்டியது. எனக்குத் தாங்கவில்லை. ஒரு பசை காய்ச்சத் தெரியவில்லை, ஒரு கஞ்சி வைக்கத் தெரியவில்லை, ஒரு தோரணம் கட்டினால் அதுவும் அழுகிறது.

"அவுத்துடுறேன்" என்று ஸ்டூலில் ஏறினேன்.

"இருக்கட்டுங்க." அவள் குரல் அவசரமாக வந்தது. "அழகாத்தான இருக்கு. எறங்குங்க, விழுந்து வைப்பீங்க." சொல்லிக்கொண்டே சொட்டு விழுந்த கையை முகத்தருகே கொண்டுபோனாள். துடைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

விடிவதற்கு முன்னேயே கிறிஸ்துமஸ் ஆராதனை. போகமாட்டேன் என்றேன். நீங்களாவது போங்க என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அக்கா வந்து கூட இருப்பதாகச் சொல்லி என்னைத் துரத்திவிட்டார். கோவிலில் பாட்டு நடந்தது, பிரசங்கம் நடந்தது. எனக்கு ஜெபம்கூட ஒழுங்காக வராது. மற்றவர்கள் அழகாக, அடுக்கடுக்காகக் கேட்பார்கள். நான் அன்று முழங்காலில் நின்று கேட்டது ஒன்றே ஒன்று, கஞ்சி தங்கட்டும் ஆண்டவரே, கஞ்சி தங்கட்டும். பிறந்த நாளன்று அவரிடம் போய்க் கஞ்சியைப் பற்றிப் பேசியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆராதனை முடிகிற நேரம், கிழக்கு ஜன்னலில் வெயில் இறங்கி, என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் சிவப்பு விழுந்தது. நான் அங்கே கையை வைத்தேன். பின்னால் இருந்த யாரோ இருமினார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தேன். தோரணத்தின் கீழ் வரிசை இல்லை. நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"காக்கா!" என்று கத்தினேன். "சன்னலத் தெறந்து வச்சிட்டு என்னக்கா பண்ணீங்க? காக்கா தூக்கிட்டுப் போயிருச்சே!"

அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சமையற்கட்டு வாசலில் நின்றார். தோள் குலுங்கியது.

"காக்கா இல்லங்க" என்றது ஒரு குரல். "நான்தான்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். மடியில் கஞ்சிக் கிண்ணம். அதில் பாதிக்கு மேல் இல்லை. விரலிடுக்கில் கடித்த ஆரஞ்சு வில்லை ஒன்று, பிறை மாதிரி.

"நேத்தே ஒரு சொட்டு நக்கிப் பாத்தேன்" என்றாள். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது முகம். "ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருந்திச்சு. நீங்க ஆச ஆசையாக் கட்டுனதாச்சே, எப்பிடிப் பிக்கிறதுன்னு இருந்தேன். நீங்க அங்கிட்டுப் போனதும் ஒண்ணே ஒண்ணு பிச்சேன்."

"ஒண்ணா?" என்றார் அக்கா. "நா வந்து பாக்கும்போது மூணாவது போயிட்டிருந்துச்சு. அப்புறந்தான் கஞ்சிய வச்சுக் குடுத்தேன். கடிச்சுக் கடிச்சுக் குடிக்குது தம்பி."

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கசக்குது. உப்புக் கரிக்குது. புளிக்குது."

"அப்ப வேண்டாமா?"

"அடுத்த வரிசைல ரெண்டு அறுத்துக் குடுங்க. எனக்குக் கை எட்டல."

அறுத்துக் கொடுத்தேன். மிச்சக் கஞ்சியையும் குடித்தாள். அதற்குப் பிறகு கஞ்சி தங்குமா என்று மூன்று பேரும் காத்திருந்தோம். அக்கா ஒரு பேச்சுக்குக்கூட எழுந்து போகவில்லை. நான் கொல்லைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து தயாராக இருந்தேன். வெளியே கிள்ளான் வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. யாரோ வீட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடினாள். இதோ, இதோ என்று நான் எழுந்தேன். அவள் தூங்கிப்போயிருந்தாள்.

தூங்கி எழுந்து அவள் முதலில் பார்த்தது, வெறும் நூலைக் கையில் பிடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருந்த என்னைத்தான்.

"என்னங்க, எம் மூஞ்சியவே பாத்துட்டிருக்கீங்க? பசிக்குதுங்க" என்றாள். அப்புறம் என் கையில் நூலைப் பார்த்தாள். அவள் சிரித்தாள். எத்தனையோ நாளாக நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தும் வராத சிரிப்பு, நான் வாயைத் திறக்காதபோது வந்தது. சிரிக்க வைக்கிற என் தொழிலின் ரகசியம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சொன்னபடியே நர்ஸம்மா குடையோடு வந்தார். அதற்குள் தோரணத்தில் மேல் மூலையில் ஒரே ஒரு வில்லைதான் பாக்கி. மற்றபடி முடிச்சு முடிச்சாக நூல் தொங்கியது. அவர் உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தார்.

"இது என்ன, வெறும் நூலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்?"

"நத்தார் அலங்காரம், அம்மா."

"எங்க அலங்காரம்?"

நான் கட்டிலைக் காட்டினேன். "உள்ளுக்குப் போயிட்டுது."

"பகிடி விடாதேயும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்றவர், கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பையை மூடினார்.

"உப்புக் கனக்கச் சாப்பிடக்கூடாது பிள்ளை, கால் வீங்கும். ஒரு துண்டு போதும், கஞ்சியைக் கூட்டிக் குடியும். ஆஸ்பத்திரி இப்ப வேண்டாம்."

வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். குடையை விரித்தவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். "அந்தக் கடைசித் துண்டை எனக்குக் கொஞ்சம் காட்டும்" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். மோந்து பார்த்தார், ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். அந்த முகத்தில் அன்றுதான் நான் ஏதோ ஒன்றைப் பார்த்தேன். சிரிப்பென்று சத்தியம் பண்ணமாட்டேன்.

அதற்குப் பிறகு பல வாரத்துக்கு அண்ணன் கிள்ளானிலிருந்து ஆரஞ்சு கொண்டுவந்துகொண்டே இருந்தார். அக்கா உப்புப் போட்டார், இந்த முறை அளவாக. நான் அறுத்துக் கொடுத்தேன். விரல் தேறிவிட்டது.

ஜூனில் மகள் பிறந்தாள், வீட்டிலேயே, நர்ஸம்மாவின் கையில். அந்த உப்பு ஆரஞ்சில் வளர்ந்தவளாயிற்றே, புளிப்பு, உவர்ப்பு என்றால் உயிரை விடுவாள் என்று நாங்கள் எல்லாருமே எதிர்பார்த்தோம். அவள் ஊறுகாயைக் கண்டால் தட்டை நகர்த்துவாள். இப்போது அவளுக்கே கல்யாணப் பேச்சு நடக்கிறது, இன்னும் அப்படித்தான்.

டிசம்பரில் எங்கள் வீட்டில் இப்போதும் ஆரஞ்சு வில்லைத் தோரணம்தான். உப்புப் போட்டுத்தான் காய வைக்கிறோம், மழை வந்தால் சொட்டுகிறது, கீழே செய்தித்தாள் விரிக்கிறேன். என் மகள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் விடிவதற்குள் கீழ் வரிசையில் நாலைந்து குறைந்துவிடுகிறது. காக்காதான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நான் சொல்வேன். ஆமாங்க, காக்காதான் என்பாள் என் மனைவி, வாயை மூடிக்கொண்டு, கன்னத்தை ஒரு பக்கம் லேசாக உப்பவைத்தபடி.